ரிஜிஸ்டர் அவுட்

தம்பி,

இந்தக் கடிதத்தையும் கூட இருக்கிற பையையும் காளிராஜ் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். உன் மெஷினுக்கு ஆறு வருஷம் பேப்பர் ஏற்றிக்கொடுத்த மனுஷர், உன்னைப் போலவே ஓசூரில் இருக்கும் மகளைப் பார்க்க நாளைக்கு பஸ் ஏறுகிறார். கூரியரில் போடலாம் என்றால், அவர்கள் பார்சலைத் தூக்கிப் போடுகிற அழகை நான் பார்த்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ என் போனை எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் நம்பரையே அழித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை நீ மஸ்கட்டுக்குப் போகிறாய். போவது நல்லதுதான், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நாலு கலர் அச்சு மெஷினை ஆறு வருஷம் ஓட்டியவன், அங்கே குடோனில் பெட்டி அடுக்குகிற வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்தக் கம்பெனியில் மெஷின்மேன் வேலையே காலியாக இருந்ததாம், வருகிறாயா என்று கேட்டார்களாம், நீதான் வேண்டாம் என்றாயாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "எனக்குத்தான் கண்ணு பத்தாதேம்மா. அப்பாவே அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லிட்டாகளே" என்று சொல்லிச் சிரித்தாயாம். போன மாதம் அம்மா இதை என்னிடம் சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் கண் பத்தாது என்று நான் சொன்னது தப்பு. நீ விமானம் ஏறுவதற்குள் அது உனக்குத் தெரிந்தாக வேண்டும். இந்த இரண்டு வரியை மட்டும் எழுதி மடித்துவிடலாம்தான். ஆனால் காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டால், வயசான காலத்தில் அப்பாவுக்கு மனசு இளகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாய். மனசு இளகி எழுதுகிற கடிதம் இல்லை இது. என் கையில் ஆதாரம் இருக்கிறது. பொறுமையாகப் படி.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். மிக்ஸி சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், அம்மா தேங்காய் அரைத்து முடிப்பதற்குள் ஸ்குரூ டிரைவரோடு போய் நிற்பேன். நீ பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கிளம்பிய காலையில், மொபெட் இழுக்கமாட்டேன் என்கிறது என்று கார்புரேட்டரைக் கழற்றி வாசலில் பரப்பினேன். மாட்டத் தெரியாமல் நான் முழிக்க, நீ பரீட்சை அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடினாய். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. பெட்ரோல் குழாயை நான்தான் பாதி மூடி வைத்திருந்தேன். சாயங்காலம் நீ வந்து அதைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டாய், நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அம்மா அந்த வார்த்தையைச் சொன்ன மறுநாள் ஞாயிறு. கம்பெனி லீவு. மாடிக்கும் கீழுக்குமாக நாலு தடவை நடந்துவிட்டு உன் அலமாரியைத் திறந்தேன். உன் பழைய சட்டைகளுக்குக் கீழே அந்த ஜப்பான் கேமரா கிடந்தது. மதுரையில் பழைய சாமான் விற்பவரிடம் நீ ஆசைப்பட்டு வாங்கி வந்தது. பிலிம் போடுகிற கேமரா. வயசில் என்னைவிடச் சின்னது, உன்னைவிடப் பெரியது. கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அந்தக் கட்டத்துக்குள் எதிரே இருப்பது இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்தால் போட்டோ தெளிவாக விழும். நீ வாங்கி வந்த அன்றைக்கே, "பக்கவாட்டுல சேருது, மேலயும் கீழயும் சேரமாட்டேங்குதுப்பா. ஒண்ணு லேசாத் தூக்கி நிக்கி" என்றாய். ஷட்டரும் திறக்கவில்லை. தீபாவளி சீசன் முடியட்டும், பிரித்துப் பார்ப்போம் என்றேன். சீசன் முடிவதற்குள் நீ போய்விட்டாய். இதையாவது சரி பண்ணி உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எடுத்தேன். நேராகப் பேசுவதற்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. கேமரா பேசிவிடும் என்று ஒரு நப்பாசை.

ஒன்றின்மேல் ஒன்று உட்காருவதற்கு நம் தொழிலில் பேர் ரிஜிஸ்டர். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு தடவை அடித்து வருகிற படம் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் ரிஜிஸ்டர் அவுட். பூதக்கண்ணாடியை வலது கண்ணில் வைத்து, ஷீட்டின் ஓரத்தில் இருக்கிற கூட்டல் குறி ஒன்றாக இருக்கிறதா, இரண்டாக இருக்கிறதா என்று பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவதற்குத்தான் போர்மேன் என்று எனக்கு முப்பத்திரண்டு வருஷமாகச் சம்பளம். நான் கையெழுத்துப் போடாத ஷீட்டில் நம் கம்பெனியில் ஒரு லோடு வெளியே போனதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு.

நீ கிளம்பிப் போன அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் அதை என் கையால் எழுத வேண்டும். போன சீசன் கடைசி ஆர்டர். சிரிக்கிற குழந்தை முகம் போட்ட பூச்சட்டிப் பட்டாசுப் பெட்டி லேபிள். பாதி லோடு ஓடி முடிந்த பிறகு நான் வந்து ஒரு ஷீட்டை உருவினேன். "ஏலே, உதடு ரெண்டாத் தெரியுதுலே. ரிஜிஸ்டர் அவுட்டு" என்றேன். நீ மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாய். "இல்லப்பா, மார்க்கு ஒண்ணாத்தான் இருக்கு. கண்ணாடியத் துடைச்சுட்டு இன்னொருக்காப் பாருங்க" என்றாய். மரியாதையாகத்தான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "எனக்குச் சொல்லித் தாறியோ? ஒனக்குக் கண்ணு எங்க இருக்கு, பொடதியிலயா? இந்தக் கண்ண வச்சுக்கிட்டு மெஷின் ஓட்ட வந்துட்டான்" என்று கத்தினேன். கட்டிங்கில் இருந்தவர்கள், பேக்கிங் பொம்பளைகள், எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நீ காளிராஜ் மாமாவைக் கூப்பிட்டாய். அவர் பார்த்துவிட்டு, "சரியாத்தான அண்ணாச்சி இருக்கு" என்று ஆரம்பித்தவர், என் மூஞ்சியைப் பார்த்ததும், "லேசா, லேசா அவுட்டு மாதிரித்தான் தெரியுது" என்று இழுத்தார். அந்த லோடு முழுவதையும் நான் வேஸ்ட்டில் போட வைத்தேன். நீ மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். பத்து மாதம் ஆகிவிட்டது. உனக்குப் பிறகு வந்த மூன்று மெஷின்மேனும் நிற்கவில்லை. மூன்று பேரும் ரிஜிஸ்டர் தெரியாதவர்கள் என்று முதலாளியிடம் நானே சொன்னேன்.

கேமராவுக்கு வருகிறேன். நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அதனால் எழுத்து கொஞ்சம் மாறித் தெரியும்.

சிவகாசிக்காரனுக்கு அழுக்கு என்றால் வாஷும் பனியன் வேஸ்ட்டும்தான். மெஷின் ரப்பரில் மையைக் கரைத்துத் துடைக்கிற வாஷைக் கம்பெனியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்து, பனியன் துணியில் நனைத்து லென்ஸ் வளையத்தைச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தேன். அழுக்கு போனது. கூடவே அதில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த வெளிச்ச அளவு எண்களும் போயின. இப்போது எது எட்டு, எது பதினொன்று என்று நீ விரலால் எண்ணித்தான் வைக்க வேண்டும். பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் ஒட்டியிருந்த பஞ்சு, கோந்தாக உருகிக் கிடந்தது. அதையும் வாஷில் துடைக்க, கரைந்து பிலிம் ஓடுகிற இடமெல்லாம் கறுப்பாக ஒழுகியது. ஒரு நாள் முழுக்க அதைச் சுரண்டினேன். பழைய கறுப்புக் கம்பளி நூலை வெட்டி அந்தப் பள்ளத்தில் ஒட்டிவிட்டேன், அம்மா பின்னிய ஸ்வெட்டரில் மிஞ்சியது, வெளிச்சம் புகாது. ஷட்டர் இதழ்களில் எண்ணெய் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு சிகரெட் லைட்டர் பெட்ரோல்தான் என்று போன் வீடியோவில் ஒருத்தர் சொன்னதைக் கேட்டு, காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தொட்டு மூன்று ஞாயிறு உட்கார்ந்தேன். முதலில் ஒரு இதழ் அசைந்தது. பிறகு மெதுவாக, சோம்பேறி கதவைத் திறக்கிற மாதிரி எல்லாம் திறந்தன. நாலாவது ஞாயிறு டக்கென்று அடித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே பொன் நிறத்தில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, இரண்டாவது உருவத்தைக் காட்டுவது அதுதான், அதைத் தொடவே கூடாது என்று அந்த வீடியோக்காரர் மூன்று தடவை சொன்னார். தொட்டேன். ஒரு மூலையில் பூச்சு போய்விட்டது. பார்க்கும்போது இடது ஓரம் மங்கலாக இருந்தால், அது என் கைவேலை.

எல்லாம் முடிந்து கடைசியாக அந்த மேல் கீழ் கோளாறு. இதைச் சரி பண்ண வெகுதூரத்தில் இருக்கிற ஒன்றைப் பார்க்க வேண்டும். மொட்டைமாடிக்குப் போய், ஆனைக்குட்டம் பக்கம் காட்டுக்குள் நிற்கிற செல்போன் டவரைப் பிடித்தேன். மேல் மூடியைக் கழற்றிவிட்டால் கடுகளவு ஒரு ஸ்குரூ இருக்கிறது, அதைத் திருகினால் இரண்டாவது டவர் ஏறும், இறங்கும். ஏற்றினேன். இறக்கினேன். நெருங்கி வரும், ஆனால் உட்காராது. ஒரு டவரின் தோளில் இன்னொரு டவர் பேய் மாதிரி நிற்கும். ரிஜிஸ்டர் பார்த்தே வயசான எனக்கு, ஒரு ஸ்குரூ தண்ணி காட்டுகிறதே என்று ஆத்திரம். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன், மாட்டினேன். பிறகு லென்ஸையாவது சோதிப்போம் என்று பின்கதவைத் திறந்து, பிலிம் இருக்கிற இடத்தில் கம்பெனி ட்ரேசிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரைத் திறந்து பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பேப்பரில் டவர் தலைகீழாக விழுந்திருந்தது. அதுவும் இரண்டாகத்தான் இருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மேலே இருக்கிற ஸ்குரூவுக்கும் கீழே பேப்பரில் விழுகிற படத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இரண்டு வேறு வழி, இரண்டிலும் ஒரே கோளாறு. பேப்பர் சொரசொரப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போது தூரத்தில் எங்கோ டொம் என்று ஒரு சத்தம். அம்மா விளக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு சாம்பல் கையோடு மாடிக்கு ஓடி வந்தாள். எந்தப் பட்டாசு ஆலையோ என்று நாலு பக்கமும் புகை தெரிகிறதா பார்த்தாள். எங்கும் தெரியவில்லை. கிணறு தோண்ட வைத்த வெடியாக இருக்கும் என்றேன். அவளுக்கு மூச்சு திரும்பியதும், "இங்கன உக்காந்து காலையிலருந்து என்னத்த நோண்டுறீக?" என்று கேட்டாள். கேமராவை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, "டவர் எத்தனை தெரியுது பாரு" என்றேன். பார்த்தாள்.

"ஒண்ணுதான்."

"நல்லாப் பாரு. நடுவுல மஞ்சக் கட்டத்துக்குள்ள."

"ஒண்ணாத்தான இருக்கு. ஒரு டவர ஒண்ணுன்னு சொல்லாம வேற என்ன சொல்ல? நீங்கதான் எல்லாத்தையும் ரெண்டாக்கிப் பாப்பீக" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

உனக்கு என்ன தெரியும் என்று நான் முனகிக்கொண்டு, மறுபடி ஸ்குரூவைப் பிடித்தேன். சரியாக இருந்ததை எனக்குத் தோதாகத் திருகித் திருகி மறுபடி கெடுத்தேன். வெயில் ஏறிவிட்டது. வேர்வை கண்ணில் இறங்க, பெட்ரோல் ஈரம் இருந்த விரலாலேயே வலது கண்ணைத் தேய்த்துவிட்டேன். காந்தல் என்றால் அப்படி ஒரு காந்தல். கீழே போய்க் குடம் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு வந்தாலும் திறக்க முடியவில்லை. விட்டு எழுந்திருக்கிற புத்தி எனக்கு உண்டா. வலதை மூடிக்கொண்டு இடது கண்ணைக் கேமராவில் வைத்தேன். ஸ்குரூவை நான் கெடுத்திருந்த அளவுக்குத் துல்லியமாக டவர் விலகித் தெரிந்தது. கால் திருகு திருப்பினேன். போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே டவர். பேயும் இல்லை, தோளும் இல்லை. வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கண் கொஞ்சம் திறக்க வந்ததும் அதை வைத்தேன். இரண்டு. கேமராவைத் தரையில் வைத்துவிட்டு, இடதைக் கையால் மூடி, வெறும் வலது கண்ணால் ஆனைக்குட்டம் பக்கம் பார்த்தேன்.

காட்டுக்குள் இரண்டு டவர் நின்றது, தம்பி.

கண்ணைப் பற்றி எனக்குப் பயம் வரவில்லை. அந்தக் குழந்தை முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது, அந்த இரண்டு உதடு. அடுப்படிக்குப் போனேன். அந்த வேஸ்ட் லோடில் கொஞ்சத்தை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து பலகைகளில் விரித்திருந்தது உனக்குத் தெரியுமோ என்னவோ. நீ கிளம்பிப் போன அந்த வாரமே விரித்துவிட்டாள். பத்து மாதமாக நம் வீட்டு மிளகாய்ப்பொடி டப்பாவும் உளுந்து டப்பாவும் உன் ஷீட்டின் மேலேதான் உட்கார்ந்திருக்கின்றன. டப்பாக்களை இறக்கிவைத்து, மஞ்சள்பொடி வட்டம் விழுந்திருந்த ஒரு ஷீட்டை உருவி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடியை இடது கண்ணில் வைத்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் இடது கண்ணில் வைத்தது அதுதான் முதல் தடவை. நாலு மூலையிலும் கூட்டல் குறி ஒரே கோடாக இருந்தது. ஒரு நூல் கூட விலகவில்லை. உதடு ஒன்று. கண் இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. இந்தக் கம்பெனியில் அதைவிட நல்ல ரிஜிஸ்டரை நான் பார்த்த ஞாபகம் இல்லை. இதை அப்பா பிள்ளைக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. போர்மேன் மெஷின்மேனுக்குச் சொல்கிறேன்.

மதுரையில் கண் டாக்டரம்மாவைப் பார்த்தோம். வலது கண்ணில் புரை, ஒரு பக்கம் மட்டும் முற்றியிருக்கிறது, அதனால்தான் எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது என்றார். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் சமாளித்துக்கொள்ளுமாம், அதனால் தெருவில் நடக்கும்போது தெரியாதாம், ஒற்றைக் கண்ணில் பார்க்கிற வேலையில்தான் மாட்டிக்கொள்ளுமாம். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பப் பிள்ளை மேல தப்பில்லைல?" என்று டாக்டரைக் கேட்டாள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இதோடு நிறுத்தினால், கண் கெட்டவன் தெரியாமல் செய்துவிட்டான் என்று முடிந்துவிடும். அப்படி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்குக் கொஞ்சம் தெரியும். இரண்டு வருஷமாகவே எதிரே வருகிற வண்டியின் விளக்கு சிதறித்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள், கம்பெனியிலிருந்து எல்லோரும் போனோம், நீயும் வந்தாய். வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்றவர் சுவரில் இருந்த எழுத்துகளை வாசித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி, என் முறை வந்ததும் கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தேன். "இந்த வயசுல கண்ணு நல்லா இருக்கே" என்று அந்த நர்ஸ் பாராட்டினார். நான் உன்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன். போர்மேனுக்குக் கண் போனால் அப்புறம் அவன் யார் என்கிற பயம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று நீ சொன்னபோது எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று இப்போது புரிகிறது. நீ சரியான இடத்தைத் தொட்டுவிட்டாய். என் பயத்தை மறைக்க உன் கண்ணைக் குருடாக்கினேன். இதுதான் நான் செய்தது. புரையை டாக்டர் எடுத்துவிடுவார், இதை யார் எடுப்பது என்று தெரியவில்லை.

அந்த மஞ்சள்பொடி ஷீட்டை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் சொன்னால் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள் என்று, மெஷின் ஓடுகிற நேரமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். அன்றைக்குக் கத்திய அதே இடத்தில் நின்று, அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, ஷீட்டைக் காட்டிச் சொன்னேன். "அவன் ரிஜிஸ்டர் சரி. என் கண்ணுதான் அவுட்டு." முதலாளி, "விடுங்க அண்ணாச்சி, முடிஞ்சு போனதுக்கு இப்ப எதுக்கு இதெல்லாம்" என்றார். முடியவில்லை முதலாளி, அவன் மஸ்கட்டுக்கு மூட்டை தூக்கப் போகிறான் என்றேன். காளிராஜ் மாமா ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அன்னைக்கே சரின்னுதான் அண்ணாச்சி எனக்குத் தெரிஞ்சிச்சு. ஒங்க மூஞ்சியப் பாத்துப் பயந்து மாத்திச் சொல்லிட்டேன். அந்தப் பய என்னைய ஒரு பார்வை பாத்தான் பாருங்க, இன்னும் மறக்கல" என்றார். கண் கலங்கிவிட்டார். அவரே இந்தக் கடிதத்தைக் கொண்டு வருவதற்கும் அதுதான் காரணம். அவரைக் கோபிக்காதே. பயத்தில் பேச வைத்தவன் நான். ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற வேலையை இனி வேறு ஆளிடம் கொடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் உன்னை வரச் சொல்லுங்கள் என்றார். உனக்காக நான் ஒரு பதிலும் சொல்லவில்லை. உனக்காக நான் சொன்ன பதில்கள் இதுவரை போதும்.

கேமராவை இப்போது சரியாக வைத்திருக்கிறது அம்மாவின் கண். என் இடது கண்ணைக்கூட நான் முழுசாக நம்பவில்லை. மாடியில் அவளைக் கேமராவுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு, நான் பக்கத்தில் நின்று ஸ்குரூவை மட்டும் பிடித்தேன். "மேல... இன்னுங் கொஞ்சம்... ஐய, தாண்டிட்டீக, கீழ வாங்க... ம், நில்லுங்க. தொடாதீக" என்றாள். நான் தொடவில்லை. இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் நில்லுங்கள் என்று சொல்லி நான் நின்றது அதுதான் முதல் தடவையாம், அவளே சொல்லிச் சிரித்தாள். ஸ்குரூ தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்திருக்கிறேன், அசையாது. அங்கே வெயிலும் தூசியும் அதிகம் என்கிறார்கள். லென்ஸை ஊதித் துடை, சட்டை நுனியால் துடைக்காதே. எது கெட்டாலும் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்குரூவைக் கழற்றாதே. பிரிப்பதற்கு முன்னால் இன்னொருத்தரைப் பார்க்கச் சொல். அந்த ஆள் உன்னைவிடச் சின்னவனாக இருந்தாலும், உன்னிடம் வேலை பார்ப்பவனாக இருந்தாலும், அவன் சொல்வதை உன் மூஞ்சியைப் பார்த்து மாற்றிச் சொல்ல வைத்துவிடாதே. அதற்குக் கத்த வேண்டியதில்லை, மூஞ்சியே போதும். நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

மஸ்கட்டில் அந்த மெஷின்மேன் வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேள். இல்லை என்றால் குடோன் வேலைக்கே போ, அதிலும் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் கண் பத்தாமல் போகிறேன் என்று மட்டும் போகாதே.

இன்னும் ஒன்று. வியாழக்கிழமை அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போக வீட்டுக்கு வருகிறாய் என்று தெரியும். எத்தனை மணிக்கு அப்பா கம்பெனிக்குப் போவார் என்று நீ கேட்டதும் தெரியும். பத்து மணிக்கு மேல் வா, அப்போது இருக்கமாட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் மேல் வருத்தப்படாதே, அவளாகத்தான் என்னிடம் சொன்னாள், மறைத்து வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. புதன்கிழமை எனக்கு ஆப்பரேஷன். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா, நான்தான் கெஞ்சி முன்னால் வாங்கினேன். வியாழக்கிழமை காலையில் கட்டைப் பிரித்து அனுப்பிவிடுவார்கள், பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். கம்பெனிக்குப் போகமாட்டேன். நீ என்னோடு பேச வேண்டாம். காபி குடிக்க வேண்டாம். வெளிச்சம் இருக்கிற வாசலில் ஒரு நிமிஷம் நில். உன்னைச் சரியாகப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

அப்பா